கடலூர் வெள்ளிக் கடற்கரை: அலையும் வானிலையும்

வெள்ளிக் கடற்கரை கடலூர் நகரையொட்டி, தேவனாம்பட்டினத்தில் வங்கக் கடலோரம் அமைந்த மணற்பரப்பு. மக்கள் வழக்கில் சில்வர் பீச். கெடிலம் ஆறும் புனித டேவிட் கோட்டையின் எச்சங்களும் அருகில் உள்ளன.

அலை: தெற்கிலிருந்து வரும் நெடிய அலைகளை இலங்கைத் தீவு ஓரளவு மறைக்கிறது. ஓத ஏற்ற இறக்கம் பொதுவாக ஒரு மீட்டருக்கும் குறைவு. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் கரையோர மணல் வடக்கு நோக்கியும், வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் தெற்கு நோக்கியும் நகரும். 

வானிலை: மழையில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்கிறது. புயல்களும் கடல் கொந்தளிப்பும் இக்காலத்திலேயே மிகுதி. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்து, மாவட்டத்தின் முந்திரி, பலாத் தோப்புகளைச் சாய்த்தது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் தேவனாம்பட்டினம் கடும் உயிரிழப்பைச் சந்தித்தது.

முன்னறிவிப்பு: புயல் எச்சரிக்கையை இந்திய வானிலை ஆய்வுத் துறையும், உயரலை, கள்ளக்கடல் (தொலைவில் எழுந்து வரும் நெடிய அலைப்பெருக்கு) எச்சரிக்கைகளை ஐதராபாத்தின் இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையமும் வெளியிடுகின்றன. கடலூர் துறைமுகத்தில் அபாயத்தின் அளவுக்கேற்ப 1 முதல் 11 வரையிலான எச்சரிக்கைக் கூண்டுகள் ஏற்றப்படும். காற்று ஓய்ந்த நாளிலும் தொலைவிலிருந்து வரும் கள்ளக்கடல் திடீரெனக் கரையேறலாம்.