'ஸ்காட் பில்கிரிம்': பழைய வீடியோ கேம்களில் வேரூன்றிய காமிக்ஸும், 6 ஆண்டுகள் காணாமல் போன விளையாட்டும்

கனடாவைச் சேர்ந்த காமிக்ஸ் படைப்பாளர் பிரையன் லீ ஓ'மாலியின் 'ஸ்காட் பில்கிரிம்' கதை, 'ஸ்காட் பில்கிரிம் இ.எக்ஸ்' என்ற புதிய வீடியோ கேமாக 2025 ஜூன் மாதம் அறிவிக்கப்பட்டது. இதன் கதையாக்கத்தில் ஓ'மாலியும் பங்கேற்றுள்ளார். இதே கதையைத் தழுவிய முந்தைய விளையாட்டு 6 ஆண்டுகள் விற்பனையிலேயே இல்லாமல் போனதால், இந்த அறிவிப்பு ரசிகர்களிடையே கூடுதல் கவனம் பெற்றது.

காமிக்ஸின் பின்னணி

1979-ல் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் பிறந்த ஓ'மாலி, 2004 முதல் 2010 வரை 6 தொகுதிகளாக 'ஸ்காட் பில்கிரிம்' காமிக்ஸை எழுதி வரைந்தார். டொராண்டோ நகரில் இசைக்குழு ஒன்றில் வாசிக்கும் இளைஞன் ஸ்காட், ரமோனா பிளவர்ஸ் என்ற பெண்ணைக் காதலிக்கிறான். அவளுடைய முன்னாள் இணையர் 7 பேரையும் சண்டையிட்டு வென்றால்தான் காதல் கைகூடும் என்பதே கதை.

அந்தச் சண்டைகள் யாவும் வீடியோ கேம் விதிகளின்படியே நடைபெறுகின்றன. தோற்ற எதிரி நாணயங்களாகச் சிதறுகிறான். நாயகனுக்குக் 'கூடுதல் உயிர்' கிடைக்கிறது. கதையில் வரும் 'கிளாஷ் அட் டீமன்ஹெட்' என்ற இசைக்குழுவின் பெயர்கூட ஒரு பழைய நின்டெண்டோ விளையாட்டின் தலைப்புதான்.

முன்னோடி விளையாட்டு

ஜப்பானின் டெக்னோஸ் நிறுவனம் 1989-ல் வெளியிட்ட தெருச்சண்டை விளையாட்டு, அமெரிக்காவில் 'ரிவர் சிட்டி ரான்சம்' என்ற பெயரில் அறியப்பட்டது. அதில் வீழ்த்தப்படும் எதிரிகள் நாணயங்களை விட்டுச் செல்வர். அவற்றைக் கொண்டு கடைகளில் உணவு வாங்கி நாயகன் வலிமை பெறலாம். ஓ'மாலியின் காமிக்ஸில் அந்த விளையாட்டின் தாக்கம் தெளிவாகவே தெரிகிறது.

2010 ஆகஸ்டில் எட்கர் ரைட் இயக்கத்தில் இக்கதை திரைப்படமானது. அதே மாதம் யூபிசாஃப்ட் நிறுவனம் இதனை வீடியோ கேமாகவும் வெளியிட்டது. பால் ராபர்ட்சனின் பிக்சல் ஓவியங்களும் 'அனமனகுச்சி' குழுவின் இசையும் அதற்குப் பழைய கேம்களின் தோற்றத்தையும் ஒலியையும் அளித்தன. 'ரிவர் சிட்டி ரான்சம்' பாணியிலேயே அதுவும் அமைந்திருந்தது.

மறைந்ததும் மீண்டதும்

இந்த விளையாட்டு வட்டாக விற்கப்படவில்லை. பிளேஸ்டேஷன் 3, எக்ஸ்பாக்ஸ் 360 ஆகியவற்றின் இணைய அங்காடிகளில் பதிவிறக்கமாக மட்டுமே கிடைத்தது. 2014 டிசம்பர் இறுதியில் அந்த அங்காடிகளிலிருந்து அது நீக்கப்பட்டது. அதன்பின் புதிதாக வாங்க வழியே இல்லை. பழைய பிரதி சந்தையில் கிடைக்கும் வாய்ப்பும் இல்லை. 1989-ம் ஆண்டு விளையாட்டின் கேசட்டுகள் கைமாறிக்கொண்டிருந்த வேளையில், அதைப் போற்றி 2010-ல் உருவான விளையாட்டு மறைந்துபோனது.

ரசிகர்கள் தொடர்ந்து வலியுறுத்திவந்த நிலையில், 2021 ஜனவரி 14 அன்று அது முழுமைப் பதிப்பாக மீண்டும் வெளியானது. இம்முறை வட்டு, கேசட் வடிவிலும் தனிப் பதிப்பு விற்கப்பட்டது. 2023 நவம்பரில் நெட்ஃபிளிக்ஸ் தளத்தில் அனிமேத் தொடரும் வெளிவந்தது. புதிய விளையாட்டை உருவாக்கிய மான்ட்ரியலின் டிரிபியூட் கேம்ஸ் நிறுவனத்தை, 2010 விளையாட்டில் பணியாற்றியவர்களும் சேர்ந்து தொடங்கினர்.

ஏன் முக்கியம்?

பிற படைப்புகளைத் தழுவிய விளையாட்டுகள் கதை, இசை போன்றவற்றுக்கான உரிம ஒப்பந்தங்களைச் சார்ந்தவை. ஒப்பந்தக் காலம் முடிந்தால் விற்பனையும் நின்றுவிடலாம். அமெரிக்காவில் 2010-க்கு முன் வெளியான விளையாட்டுகளில் 87 சதவீதம் இன்று கடைகளில் கிடைப்பதில்லை என வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளையின் 2023-ம் ஆண்டு ஆய்வு தெரிவித்தது.

நூலகங்கள் பாதுகாத்துவரும் பழைய விளையாட்டுகளை ஆய்வாளர்கள் இணையவழியில் அணுக அனுமதிக்க வேண்டும் என்ற கோரிக்கையை, அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2024 அக்டோபரில் ஏற்க மறுத்தது என்பது குறிப்பிடத்தக்கது.