இருதயக் கட்டியும் ஏ-9 வீதியும்

இருதயத்திலும் கட்டி வளரும் என்றால் பலர் நம்புவதில்லை. அதில் வியப்புமில்லை. இருதயத்திலேயே தோன்றும் கட்டி பத்தாயிரம் பிரேத பரிசோதனைகளில் ஓரிரண்டில் மட்டுமே காணப்படும் அரிய நோய். அவற்றுட் பெரும்பாலானவை புற்றுநோயுமல்ல. வளர்ந்தோரிடம் அதிகம் காணப்படுவது மிக்ஸோமா. வழுவழுப்பான இக்கட்டி பெரும்பாலும் இடது சோணையறையில் ஒரு காம்பில் தொங்கும்.

ஆபத்து அந்த ஊசலாட்டத்திலேயே இருக்கிறது. கட்டி மைற்றல் வால்வை அடைக்கும்போது மூச்சு முட்டும், சிலர் மயங்கி விழுவர். அதன் துணுக்கொன்று கழன்று மூளையை அடைந்தால் பாரிசவாதம். எமது பிரதேசங்களில் வாதக் காய்ச்சலால் வால்வு சுருங்குவது நெடுங்காலமாக அறியப்பட்ட நோய். இரண்டின் அறிகுறிகளும் ஒத்திருப்பதால் காதில் மாட்டும் குழாயை மட்டும் நம்பி வேறுபடுத்துவது கடினம். 1950கள் வரை உலகெங்கும் இக்கட்டி பெரும்பாலும் இறந்த பின்னரே தெரியவந்தது.

மாற்றம் சுவீடனில் தொடங்கியது. கப்பல் தளங்களில் உலோக வெடிப்புகளைத் தேடப் பயன்பட்ட மீயொலிக் கருவியைக் கொண்டு, லுண்ட் நகரில் வைத்தியர் இங்கே எட்லரும் பௌதிகவியலாளர் ஹெல்முத் ஹேர்ட்ஸும் 1953 ஒக்டோபர் 29 அன்று துடிக்கும் இருதயத்தின் எதிரொலியைப் பதிவு செய்தனர். மறு ஆண்டு ஸ்டொக்ஹோமில் கிளாரன்ஸ் கிராபோர்ட், இருதய-நுரையீரல் இயந்திரத்தின் துணையுடன் மிக்ஸோமாவை வெற்றிகரமாக அகற்றினார். 1959இல் ஜேர்மனியில் ஸ்வென் எபேர்ட் குழுவினர் மீயொலி மூலம் இடது சோணையறைக் கட்டியைக் கண்டறிந்தனர். கத்தியுமின்றிக் கதிர்வீச்சுமின்றி நோயைக் காணும் வழி பிறந்தது. நாம் இன்று ‘எக்கோ’ என்று அழைப்பது அதுவே.

ஆனால் ஒரு கண்டுபிடிப்பு நோயாளியை அடைய மின்சாரமும் நிபுணரும் வீதியும் வேண்டும். வன்னியில் 1990க்குப் பின்னர் இவை மூன்றுமே அரிதாயின. எரிபொருளும் மருந்தும் கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டே வந்தன. 2002 யுத்தநிறுத்தத்தை அடுத்து ஏ-9 திறந்தது. 2006 ஆகஸ்டில் முகமாலையில் அது மூடப்பட்டபோது யாழ்ப்பாணம் எட்டாத தூரமாயிற்று. தெற்கே ஓமந்தையைக் கடக்க அனுமதி வேண்டியிருந்தது. 2009 பெப்ரவரி முதல் மே வரை செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு முல்லைத்தீவுக் கரையிலிருந்து காயமடைந்தோர், நோயாளர், உறவினர் என ஏறத்தாழ 14 ஆயிரம் பேரைக் கடல்வழியே வெளியேற்றியது.

யுத்தத்தின் மரணக் கணக்கில் குண்டுக் காயங்கள் மட்டுமே இடம்பெறுவது போதாது என்பது எனது கருத்து. உரிய காலத்தில் ஒரு வைத்தியசாலையை அடைய முடியாமையும் ஒரு மரணக் காரணமே.

2013இல் கிளிநொச்சிக்கு மீண்டும் ரயில் வந்தது. இன்று வீதியில் தடையில்லை. ஆகவே வாசகர்களுக்கு ஒன்று கூறுவேன். படுக்கும்போதோ எழும்போதோ மூச்சு முட்டினால், காரணமின்றி மயக்கம் வந்தால், வயதையோ களைப்பையோ காரணம் சொல்லித் தள்ளிப்போடாதீர்கள். எக்கோ பரிசோதனை குறித்து வைத்தியரிடம் கேளுங்கள். மிக்ஸோமாவாக இருந்தாலும், அகற்றியபின் பெரும்பாலானோர் நலமாகவே வாழ்கின்றனர்.