காசநோய்த் தொடர்பாளர் பரிசோதனைச் செலவு

ஒருவருக்கு நுரையீரல் காசநோய் உறுதியானதும், அவரோடு ஒரே வீட்டில் வசிப்பவர்களையும் நெருங்கிப் பழகியவர்களையும் சோதித்துப் பார்ப்பது தொடர்பாளர் பரிசோதனை எனப்படும். தேசிய காசநோய் ஒழிப்புத் திட்டத்தின்கீழ் இந்திய அரசு மருத்துவமனைகளில் இதற்குக் கட்டணம் கிடையாது. கட்டணம் இல்லையே தவிர, செலவு உண்டு.

வருமானம் குறைந்த, நடுத்தர நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2013இல் வெளியான மதிப்பீட்டின்படி, தொடர்பாளர்களில் சுமார் 3 விழுக்காட்டினருக்கு நோய் இருந்தது. ஏறத்தாழப் பாதிப்பேரிடம் கிருமி உறங்குநிலையில் இருந்தது. ஒரு நோயாளியைக் கண்டுபிடிக்க முப்பதுக்கும் மேற்பட்டோரைப் பார்க்க வேண்டும் என்பது இதன் பொருள். இருமல், காய்ச்சல், எடைக்குறைவு பற்றி விசாரிக்கப் பணியாளரின் நேரம் போதும். மார்பு எக்ஸ்ரேக்குக் கருவி வேண்டும். சளியை ட்ரூநாட், சிபிநாட் கருவிகளில் சோதிப்பது விலை கூடியது என்பதால், அறிகுறியோ எக்ஸ்ரேயில் மாற்றமோ உள்ளவர்களுக்கே அது பெரும்பாலும் செய்யப்படுகிறது.

உறங்குநிலைத் தொற்றை அறியத் தோல் பரிசோதனை, ரத்தப் பரிசோதனை என இரு வழிகள். தோலில் ஊசி போட்டால், 48 முதல் 72 மணி நேரத்துக்குள் கையைக் காட்ட மறுபடியும் வர வேண்டும். ரத்தப் பரிசோதனைக்கு ஒருமுறை வந்தால் போதும். ஆனால் விலை அதிகம், ஆய்வகமும் தேவை. முன்னதில் சுமை குடும்பத்தின் தலையில், பின்னதில் மருத்துவமனையின் தலையில்.

திருச்செந்தூரை அடுத்த ஆலந்தலை போன்ற மீனவ ஊர்களில் இந்தச் சுமை கண்கூடு. வள்ளத் தொழிலில் மாதச் சம்பளம் இல்லை, பங்குதான்; கடலுக்குப் போகாத நாளில் வருமானமும் இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடை விசைப்படகுகளுக்கானது. நாட்டுப்படகுக்காரர்களுக்கு அந்த ஓய்வும் கிடையாது. இத்தகைய கத்தோலிக்க மீனவர் ஊர்களில் ஆண்கள் பெரும்பாலும் கரையில் இருப்பது ஞாயிறன்று. அன்று வெளிநோயாளர் பிரிவு வழக்கம்போல் நடப்பதில்லை. வாரநாளில் மருத்துவமனைக்கு அழைப்பதைவிட, கையடக்க எக்ஸ்ரே கருவியை ஞாயிறன்று ஊருக்குக் கொண்டுவருவதே இங்கு சிக்கனம்.

காசநோய்ச் சிகிச்சையின் செலவுக் கணக்கை அடியோடு மாற்றியது சென்னையில் நடந்த ஓர் ஆய்வு. 1956இல் தொடங்கப்பட்ட காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் (சேத்துப்பட்டில் உள்ள இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்), 193 ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினரை வீட்டிலும் மற்றவர்களைச் சானடோரியம் எனும் காசநோய் மருத்துவமனையிலும் வைத்துச் சிகிச்சை அளித்தது. குணமடைவதில் பெரிய வேறுபாடு இல்லை. நோயாளி வீட்டிலேயே இருந்தால் குடும்பத்துக்குப் பரவும் என்ற அச்சம் மட்டும் மீதமிருந்தது. தொடர்பாளர்களை ஐந்தாண்டுகள் கண்காணித்ததில் அதுவும் பொய்த்தது. தொற்று பெரும்பாலும் நோய் கண்டறியப்படும் முன்பே நிகழ்ந்துவிட்டிருந்தது. விலையுயர்ந்த சானடோரியப் படுக்கைகளுக்கான நியாயம் அதோடு தளர்ந்தது. தொடர்பாளரைத் தாமதமின்றிச் சோதிக்க வேண்டும் என்பதற்கும் இதைவிட வலுவான காரணம் தேவையில்லை.

2021ஆம் ஆண்டின் இந்திய வழிகாட்டுதல், நோய் இல்லையென உறுதிசெய்தபின் எல்லா வயதுத் தொடர்பாளருக்கும் தடுப்பு மருந்து தரச் சொல்கிறது. தொற்றறியும் பரிசோதனை வசதி இல்லை என்பதற்காக அதைத் தள்ளிப்போடக் கூடாது. ஆறு மாதம் அன்றாடம் ஐசோனியசிட், அல்லது வாரம் ஒருமுறையாக 12 வாரம் கூட்டுமருந்து. ஜார்க்கண்டில் நடந்து 2023இல் வெளியான ‘ரேஷன்ஸ்’ ஆய்வில், தொடர்பாளர்களுக்கு உணவுப்பொருள் கொடுத்ததால் மட்டுமே புதிய காசநோய் 39 விழுக்காடு குறைந்தது.

நோயால் ஆகும் செலவு குடும்பத்தின் ஆண்டு வருமானத்தில் 20 விழுக்காட்டைத் தாண்டினால் உலக சுகாதார நிறுவனம் அதைப் பேரழிவுச் செலவு என வகைப்படுத்துகிறது. நிக்சய் போஷண் திட்டத்தில் நோயாளிக்கு மாதம் 500 ரூபாயாக இருந்த உதவித்தொகை, 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாய். பரிசோதனைக்காகத் தொழிலை விட்டு வரும் உறவினரின் ஒருநாள் வருமானத்துக்கு அந்தத் தொகையில் இடமில்லை.