வெற்றிடக் கசிவு (வாகன எஞ்சின்)

காபரேட்டரைக் கடக்காத காற்று, பிளந்த றப்பர் குழாய் அல்லது இற்ற காஸ்கெட் வழியே எஞ்சினுக்குள் புகுவது. பெற்றோலுக்குப் பொருத்தமான கலவை, எடைக்கணக்கில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு எரிபொருள். கசிவால் காற்று மிஞ்சுகிறது. நின்றபடி ஓடும் எஞ்சின் தடுமாறி அணைகிறது.

யாழ்ப்பாணத்தின் பழைய ஒஸ்ரின், மொரிஸ் மைனர் கார்களுக்கு இது ஒருகாலத்தில் பெருந்துன்பமாயிருந்தது. 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் அவை சிறிது பெற்றோலில் கிளப்பப்பட்டு மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. கலவையைச் சிலிண்டர்களுக்குக் கொண்டுசெல்லும் மனிபோல்டின் தாழ்ந்த அழுத்தமும் சூடும்தான் அதற்குத் துணை. கசிவு அந்தத் துணையில் பாதியைப் பறித்துவிடும்.

கண்டறிய முதற்கருவி காதே: றப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து மறுமுனையை இணைப்புகளருகே நகர்த்தினால் சீறல் கேட்கும். ஐயமான இடத்தில் சவர்க்கார நீர் தடவ, ஓட்டம் மாறினால் கசிவு அங்கேதான். பெற்றோலைத் தெளித்துப் பார்ப்பது தீ விபத்தை அழைப்பது, அறவே கூடாது. வெற்றிடமானி, நின்றபடி ஓடும் நல்ல எஞ்சினில் 17 முதல் 21 அங்குலப் பாதரசம் காட்டும். முள் அசையாமல் தாழ்ந்து நின்றால் கசிவை ஐயுறலாம். பழைய காபரேட்டர்களில் தேய்ந்த திறொட்டில் அச்சை முதலில் பார்ப்பது நன்று. பலரும் அதைக் கவனியாமல் காஸ்கெட்டையே மாற்றிக்கொண்டிருப்பர்.