பிரசவச் சன்னி

வடமொழி ‘சந்நிபாதம்’ தமிழில் தேய்ந்து ‘சன்னி’ ஆனது. வாதம், பித்தம், கபம் மூன்றும் ஒருசேரக் கெடுவது என்பது பொருள். பிள்ளை பெற்றவளுக்கு வரும் காய்ச்சல், வலிப்பு, பிதற்றல் எல்லாவற்றையும் ‘பிரசவச் சன்னி’ என்ற ஒரே மூட்டையில் கட்டிவிட்டோம். ஆங்கிலமும் இதையேதான் செய்தது. லத்தீனில் ‘புவர்’ என்றால் பிள்ளை, ‘பரேரே’ என்றால் ஈனுதல். இவற்றிலிருந்து வந்த ‘பியூர்பரல்’ காய்ச்சலுக்கும் சித்தக் கலக்கத்துக்கும் ஒருங்கே அடைமொழியானது. லண்டன் மருத்துவர் ராபர்ட் கூச் 1820இல் அந்தக் கலக்கத்தைத் தனியே எடுத்து எழுதினார்.

பெயரில் என்ன இருக்கிறது, மருந்துதானே முக்கியம் என்று கேட்கலாம். பெயர்தான் சிகிச்சையின் வேகத்தைத் தீர்மானிக்கிறது. பத்தில் ஒரு தாய்க்கேனும் வரும் மனச்சோர்வு வேறு. ஆயிரத்தில் ஓரிருவருக்கு, பெரும்பாலும் முதல் இரண்டு வாரங்களில், திடீரென வரும் உளப்பிறழ்வு வேறு. பின்னதை ‘மனச்சிதைவு’ என்பதும் பிழை; இந்த உளப்பிறழ்வு இருதுருவ நோய்க்கே நெருங்கிய உறவு. பழைய சொல்லுக்கு ஒரு நியாயம் உண்டு: அது தாயைக் குற்றவாளியாக்காமல் நோயாளியாகப் பார்த்தது. ஆனால் காய்ச்சல் இல்லாத சன்னியை வீட்டார் அடையாளம் காண்பதில்லை. அடையாளம் கண்டால் உதவி உண்டு: லண்டன் பெத்லெம் மருத்துவமனையில் தாயையும் சேயையும் பிரிக்காமல் சேர்த்துப் பராமரிக்கும் பிரிவு, இந்திய வம்சாவளி மருத்துவர் சன்னி குமாரின் பெயரைத் தாங்கி நிற்கிறது (பெயர் ஒற்றுமை தற்செயல்தான்). பிரசவித்தவள் உறங்காமல், இல்லாத குரல்களைக் கேட்டால், நாள் கடத்தாமல் அன்றே அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.