‘நெல்’ என்று அடித்தால் எத்தனை சத்தம்?

வீட்டிலிருந்து வேலை பார்க்கும் பிள்ளைகள் நம் குடியிருப்பில் பெருகிய பிறகு, இரவு பத்து மணிக்கு மேல் கேட்கும் ‘டக் டக்’ பற்றிய பேச்சும் பெருகியிருக்கிறது. அது மெக்கானிக்கல் கீபோர்டின் சத்தம். பிள்ளைகளைக் கேட்டால் நீலம், பழுப்பு, சிவப்பு என்று ஸ்விட்ச் வகைகளைச் சொல்கிறார்கள். ஒன்று சத்தம் போடும். ஒன்று விரலுக்கு மட்டும் தெரியும். ஒன்று எதையும் சொல்லாமல் வழுக்கிக்கொண்டு இறங்கும். பெரியவர்களுக்கு இது வீண் செலவாகவும் அண்டை வீட்டாருக்குத் தொல்லையாகவும் தெரிகிறது. ஆனால் விசையின் சத்தத்துக்கும் விரலின் உணர்வுக்கும் தமிழில் நீண்ட வரலாறு உண்டு. அந்தச் சத்தத்தை நம்பிப் பிழைத்த குடும்பங்கள் நம் காவிரிப் படுகையில் ஏராளம்.

எழுதும் கருவி எழுத்தையே மாற்றும் என்பதற்கு நம் சரஸ்வதி மகால் நூலகத்து ஓலைச்சுவடிகளே சாட்சி. எழுத்தாணி சற்று அழுந்தினாலும் ஓலை கிழிந்துவிடும். சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி வைக்காததற்கு இதையே காரணமாகச் சொல்வார்கள். படிப்பவர்தான் இடம் பார்த்து ‘க’வா ‘க்’கா என்று தெரிந்துகொள்ள வேண்டும். காகிதத்திலும் அச்சிலும் புள்ளி நிலைபெற்றது. பிறகு டைப்ரைட்டர் வந்தபோது, அதே புள்ளி வேறொரு சிக்கலைக் கொடுத்தது.

ஆங்கிலத்துக்கு 26 எழுத்துகள். சிறியது, பெரியது என்று இரண்டு வடிவம் வைத்தாலும் விசைப்பலகையில் அடங்கிவிடும். தமிழுக்கு 247. இதைத் தீர்த்தவர் யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் 1886இல் பிறந்த ஆர். முத்தையா. இளைஞராக 1907இல் மலாயாவுக்குப் போய், பிறகு சிங்கப்பூரில் வேலை பார்த்தவர். தமிழ் எழுத்துகளைத் துண்டு துண்டாகப் பிரித்து, பொதுவான குறிகளைத் தனி விசைகளில் வைத்தார். அவருடைய அமைப்பில் ஜெர்மனியில் தயாரான ‘பிஜோ’ என்ற இயந்திரம் தமிழர்கள் வாழும் ஊர்களுக்கு வந்தது. அவரைத் தமிழ்த் தட்டச்சின் தந்தை என்கிறோம்.

அவர் கையாண்ட முக்கிய உத்தி ‘நகரா விசை’. சாதாரண விசையை அழுத்தினால் எழுத்துக்கம்பி எழும்பி, ரிப்பனை அடித்து, காகிதத்தில் எழுத்தைப் பதிக்கும். உடனே ‘கேரியேஜ்’ எனப்படும் மேல்பகுதி ஓர் எழுத்தளவு இடப்பக்கம் நகரும். ஆக ஓர் அழுத்தலில் இரண்டு சத்தம்: கம்பி அடிக்கும் ‘டக்’, கேரியேஜ் நகரும் ‘டிக்’. நகரா விசையில் கம்பி அடிக்கும். கேரியேஜ் அப்படியே நிற்கும். அதனால் ‘டக்’ மட்டும் கேட்கும், ‘டிக்’ இராது. புள்ளியை இப்படி முதலில் அடித்துவிட்டு, அதே இடத்தில் அதன் கீழே எழுத்தை அடிக்க வேண்டும். கையால் எழுதும்போது எழுத்து முதலில், புள்ளி பிறகு. டைப்ரைட்டரில் புள்ளி முதலில், எழுத்து பிறகு.

நம் ஊருக்கு ஏற்ற சொல்லாக ‘நெல்’லை எடுத்துக்கொள்வோம். முதலில் கொம்பு, அடுத்து ந, அடுத்து புள்ளி, கடைசியில் ல. நான்கு அழுத்தல், ஆனால் கேரியேஜ் நகர்வது மூன்று முறைதான். பழகியவர் கண் மூலப்பிரதியில் இருக்கும், காதோ இயந்திரத்தில் இருக்கும். புள்ளிக்குப் பின் ‘டிக்’ கேட்டால் தவறான விசையைத் தொட்டுவிட்டோம் என்று பொருள். வரி முடியப் போவதை மணி சொல்லும். அந்தச் சத்தம் இயந்திரத்தின் குறையன்று. எழுத்து விழுந்ததா இல்லையா என்பதை அடிப்பவருக்குச் சொன்ன செய்தி.

விரலுக்கும் தனிக் கணக்கு உண்டு. தமிழ் வகுப்பில் முதல் பாடம் ‘ய ள ன க ப’. இடது சுண்டுவிரலில் விழும் ‘ய’ மங்கலாகவும், ஆள்காட்டி விரலில் விழும் ‘க’ அழுத்தமாகவும் வந்தால் அது புதிய மாணவரின் தாள். எல்லா விரலும் ஒரே பலத்தில் அடித்தால்தான் தாள் சீராக இருக்கும். கார்பன் வைத்து மூன்று நான்கு பிரதி எடுக்க வேண்டுமானால் இன்னும் பலம் தேவை. இரண்டு விசையை ஒரே நேரத்தில் அழுத்தினால் கம்பிகள் சிக்கிக்கொள்ளும். வகுப்பு ஆசிரியருக்கு இதையெல்லாம் எட்டிப் பார்க்கத் தேவையில்லை. தாளம் தப்புவதே போதும்.

1956இல் தமிழை ஆட்சிமொழியாக்கும் சட்டம் வந்தபின், அலுவலகங்களில் தமிழ் டைப்ரைட்டரின் தேவை கூடியது. அதற்கு முந்தைய ஆண்டு, 1955இல், கோத்ரெஜ் நிறுவனம் இந்தியாவிலேயே டைப்ரைட்டர் தயாரிக்கத் தொடங்கியிருந்தது. தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறை என்று எங்கு போனாலும் மாடியறை ஒன்றில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் இருந்தது. நீதிமன்றத்துக்கும் தாலுகா அலுவலகத்துக்கும் எதிரே ஜாப் டைப்பிங் கடை இருந்தது. பட்டா மாறுதல் மனு, கூட்டுறவுக் கடன் விண்ணப்பம், வெள்ள நிவாரணக் கோரிக்கை எல்லாம் அங்கேதான் எழுத்தாயின.

ஜூன் 12இல் மேட்டூர் திறக்குமா, குறுவை உண்டா என்று ஆண்டுதோறும் வானத்தைப் பார்க்கும் வீட்டுக்கு, மாதச் சம்பளம் என்பது பெரிய ஆறுதல். பள்ளிப் படிப்பு முடித்த பெண்ணையும் பையனையும் ‘லோயர் முடிச்சிடு, ஹையர் முடிச்சிடு’ என்று அனுப்பியதன் காரணம் அதுதான். தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் தேர்வில் இளநிலைக்கு நிமிடத்துக்கு 30 சொல், முதுநிலைக்கு 45 சொல் என்பது கணக்கு. அரசுத் தட்டச்சர் பணிக்கு அந்தச் சான்றிதழே நுழைவுச்சீட்டு. நம் குடியிருப்பின் மூத்தவர்களில் சிலர் ஓய்வூதியம் பெறுவதற்கு அந்த ‘டக் டிக்’தான் காரணம்.

கணினி வந்ததும் சத்தத்துக்கு வேலை இல்லாமல் போனது. திரையில் எழுத்து தெரிந்துவிடுகிறது. காகிதமும் கேரியேஜும் இல்லை. ஆனாலும் டைப்ரைட்டர் தயாரித்துப் பழகிய ஐபிஎம் நிறுவனம், 1981இல் தன் பெர்சனல் கம்ப்யூட்டரோடு தந்த கீபோர்டில் ஒவ்வொரு விசைக்கும் ஒரு சுருள்வில்லை வைத்தது. வில் மடங்கும் கணத்தில் ‘க்ளிக்’ கேட்கும். எழுத்தும் அப்போதே பதியும். பழைய விரல்களுக்குப் பதில் சொல்ல ஏதாவது வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பிறகு செலவைக் குறைக்க ரப்பர் குமிழ் வைத்த கீபோர்டுகள் எங்கும் பரவின. அவற்றை அழுத்தினால் மாவில் விரல் வைத்ததுபோல் இருக்கும்.

நம் ஊரில் அந்தக் ‘க்ளிக்’கைக் காப்பாற்றியது டிவிஎஸ் கோல்டு. ஜெர்மனியின் செர்ரி நிறுவனத்து நீல ஸ்விட்ச் பொருத்திய அந்தக் கனத்த கீபோர்டை வங்கியிலும், டிடிபி கடையிலும், பில் போடும் கவுண்டரிலும் பார்த்திருப்பீர்கள். இன்று பிள்ளைகள் சொல்லும் நிறக் கணக்கும் செர்ரியிலிருந்து வந்ததுதான். நீலத்தில் விரலுக்கு ஒரு சிறு தடையும் காதுக்கு ஒரு க்ளிக்கும் உண்டு. பழுப்பில் தடை மட்டும் உண்டு. சிவப்பில் இரண்டும் இல்லை. மூன்றிலும் விசை ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் இறங்கும். ஆனால் 2 மில்லிமீட்டர் இறங்கியதுமே எழுத்து பதிந்துவிடும். மீதி இறக்கம் தேவையில்லாதது. அடிமட்டம் வரை குத்துவது டைப்ரைட்டர் கற்றுக்கொடுத்த பழக்கம்.

தமிழ் அடிக்கும் முறையும் மாறிவிட்டது. 1999இல் தமிழக அரசு அறிவித்த தமிழ்99 விசைப்பலகையில் இடது கைக்கு உயிரெழுத்துகள், வலது கைக்கு பெரும்பாலான மெய்கள். ‘நெல்’ அடிக்க ந, எ, ல, புள்ளி என்று ஒலிக்கும் வரிசையிலேயே போகலாம். ‘அம்மா’வுக்கு அ, ம, ம, ஆ என்றால் போதும், நடுவில் புள்ளி தானே விழும். நகரா விசை பழகிய விரலுக்கு இது முதலில் தடுமாற்றம்தான். கோத்ரெஜ் 2009இல் டைப்ரைட்டர் தயாரிப்பை நிறுத்தியது.

இனி நம் சுவர்களுக்கு வருவோம். கீபோர்டுச் சத்தத்தில் பெரும்பகுதி க்ளிக் அல்ல. விசை அடிமட்டத்தில் இடிப்பதும், அந்த இடி மேசைக்கால் வழியாகக் கீழ்வீட்டுக் கூரைக்கு இறங்குவதும்தான். கீபோர்டின் அடியில் கெட்டியான ரப்பர் மேட் போட்டால் பாதித் தொல்லை தீரும். பகலில் நீலம் இருக்கட்டும். இரவு வேலை இருப்பவர்கள் பழுப்போ சிவப்போ வாங்கலாம்; சத்தம் அடக்கிய வகைகளும் கிடைக்கின்றன. புகார் சொல்பவர்களும் ஒன்றை நினைவில் வைக்கலாம்: அந்தப் பிள்ளைக்கும் அது பிழைப்பின் சத்தம்தான்.

பரணில் தமிழ் டைப்ரைட்டர் இருக்கும் வீடுகள் நம்மிடையே இருக்கும். பழைய இரும்புக்குப் போடுவதற்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை இறக்கித் துடைத்து, பேரப்பிள்ளையை ‘நெல்’ என்று அடிக்கச் சொல்லுங்கள். மூன்றாவது அழுத்தலில் ஏன் ‘டிக்’ கேட்கவில்லை என்று அவர்களே கேட்பார்கள்.