முதுகில் ‘பலது’

மாயவரம் பட்டமங்கலத் தெரு பைண்டருக்கு அந்த வால்யூமுக்கு என்ன பெயர் எழுதுவதென்று விளங்கவில்லை. உள்ளே ஒரே கதை என்றால் அதன் பெயரை எழுதிவிடலாம். இதில் நாலு சமாசாரம் கிடந்தது, நாலும் அரைகுறை. கேட்டு எழுதலாமென்றால் கொடுத்துவிட்டுப் போன பெண்ணின் வீடு கூறைநாட்டில். காலிகோ முதுகில் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டி, கறுப்பு மசியால் ‘பலது’ என்று எழுதி வைத்துவிட்டார். அந்தப் பெண் என் அப்பாயி. வருஷம் 1944. “பேரு வைக்கச் சொன்னா, இழவு, சாமான் லிஸ்ட் மாதிரி எழுதிட்டானேன்னு அழுகையா வந்துச்சு” என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

பத்திரிகைகளிலிருந்து தொடர்கதையைக் கிழித்துச் சேர்த்து பைண்டு பண்ணுவது அந்தக் காலத்து வீடுகளில் வடாம் பிழிவது மாதிரி ஒரு வேலை. வாராவாரம் எல்லோரும் படித்து முடித்த பிறகு பின்னை நெம்பி எடுத்து, வேண்டிய தாள்களை மட்டும் உருவி, நூல் கட்டி டிரங்குப் பெட்டியில் போட்டு வைப்பார்கள். தொடர் முடிந்ததும் கட்டு பைண்டரிடம் போகும். அவர் கோணி ஊசியால் துளை போட்டுத் தைத்து, மைதாப் பசையில் பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் கலந்து காய்ச்சி, அட்டை ஒட்டி, பாரம் வைத்துக் காயவிட்டு, கடைசியில் மூன்று பக்கமும் கட்டிங் மெஷினில் கொடுத்துச் சீவித் தருவார்.

இந்தச் சீவலில்தான் எங்கள் வால்யூமுக்கு வினை. நாலும் ஒரே பத்திரிகைத் தாள்கள் இல்லை. ஆனந்த விகடனும் உண்டு, கல்கியும் உண்டு, பெயரைச் சொன்னாலும் இன்று யாருக்கும் தெரியாத, இரண்டு மூன்று வருஷம் நடந்து நின்றுபோன ஒரு பத்திரிகையும் உண்டு. அளவு ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. பைண்டர் சிறிய தாளுக்குச் சமமாகப் பெரிய தாளைச் சீவிவிட்டார். அந்தப் பெயர் தெரியாத பத்திரிகைதான் இருந்ததிலேயே அகலமானது. அதன் பக்கங்களில் ஓர மார்ஜினும் போய், ஒவ்வொரு வரிக்கும் ஓரெழுத்தும் சேர்ந்து போயிற்று.

உள்ளே இருந்தவற்றைச் சொல்கிறேன். முதலில் உ.வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’, நடுவிலிருந்து சில மாதங்கள். விகடனில் 1940 தொடக்கத்திலிருந்து 1942 மே வரை வந்த தொடர் அது. அடுத்து ‘பார்த்திபன் கனவு’, அதுவும் பின்பாதி மட்டும். முன்பாதியை இரவல் வாங்கிப்போன சித்தி திருப்பித் தரவில்லை. பிறகு தேவனின் துப்பறியும் சாம்பு இரண்டோ மூன்றோ. கடைசியில் அந்தப் பெயர் தெரியாத பத்திரிகையின் பெயர் தெரியாத குடும்பத் தொடர். அதில் ஒரு மாமியார் ஓயாமல் இருமிக்கொண்டே இருப்பாள், வேறெதுவும் நடக்காது.

1945-ல் அப்பாயிக்குக் கல்யாணம். தாத்தாவுக்குப் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை. பித்தளைக் குடம், அண்டா, குத்துவிளக்கோடு ‘பலது’ம் சீர் வண்டியில் ஏறி ரயில்வே காலனிக்கு வந்தது. காலனியில் அது ஒரு வீட்டில் தங்கியதாகத் தெரியவில்லை. முன்தாளில் பென்சிலில் வாங்கியவர்களின் வீட்டு நம்பரும் தேதியும் வரிசையாக இருக்கும், நாற்பதுக்குக் குறையாது. ஒரு நம்பருக்கு நேரே ‘ரசம்’ என்று எழுதியிருக்கிறது. அந்தக் கறை சாம்புவின் மேல் இன்னும் மஞ்சளாக நிற்கிறது. பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி போனவர்கள் எடுத்துப்போயிருக்கிறார்கள். 1950-களில் ‘பொன்னியின் செல்வன்’ வாராவாரம் வரத் தொடங்கியதும் இதன் மவுசு குறைந்துவிட்டது, பரணுக்குப் போயிற்று. பொன்னியின் செல்வனை அப்பாயி முறையாக ஐந்து பாகமும் கட்டி, பொன்னெழுத்துப் போட்டு வைத்திருந்தார். அதை யார் வாங்கிப்போனார்கள் என்பது வேறு கதை. குடும்பத்தில் இரண்டு பேர் இன்றும் பேசிக்கொள்வதில்லை.

நான் ‘பலது’ படித்தது 1978 கோடை விடுமுறையில், பத்து வயதில். அக்காவுக்கும் எனக்கும் அம்மை போட்டிருந்தது, வெளியே விடமாட்டார்கள். வேப்பிலைக்கு நடுவே படுத்துக்கொண்டு முறை வைத்துப் படித்தோம். அந்த வயதில் கதை எது, வாழ்க்கை வரலாறு எது என்ற பிரிவினை எங்களிடம் கிடையாது. எல்லாம் ஒரே நூலில் தைத்திருந்ததால் எல்லாம் ஒன்றுதான். துப்பறிகிறவர் யார் என்று அப்போது கேட்டிருந்தால் நான் சாமிநாதையர் என்றுதான் சொல்லியிருப்பேன். 1880-ல் சேலம் இராமசுவாமி முதலியார் அவரிடம் என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்கிறார். இவர் அந்தாதி, பிள்ளைத்தமிழ் என்று அடுக்கிக்கொண்டே போக, அதனாலென்ன பிரயோஜனம் என்ற தோரணையில் முதலியார் அசையாமல் உட்கார்ந்து, சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்கிறார். அங்கிருந்து தொடங்குகிறது வேட்டை. ஏடு தேடி ஊர் ஊராக, விளங்காத விஷயங்களுக்கு விளக்கம் தேடி கும்பகோணத்து ஜைனர் வீடுகளில், ஏழு வருஷம். 1887-ல் சிந்தாமணி அச்சாகிறது. சாம்புவோ தப்பான ஆளைத் துரத்தி, தப்பான கதவைத் திறந்து, திருடன் மேலேயே போய் விழுவார். இன்ஸ்பெக்டர் கோபாலன் கை குலுக்குவார். இரண்டும் அடுத்தடுத்து இருந்ததால், ஐயரும் ஏதாவது ஓர் ஏட்டைத் தடுக்கி விழுந்து கண்டுபிடிப்பார் என்று எதிர்பார்த்தபடியே படித்தேன். அவ்வளவு பிழையான எதிர்பார்ப்பும் இல்லை அது.

‘பார்த்திபன் கன’வை நான் பின்னாலிருந்துதான் அறிவேன். அந்தச் சிவனடியார் யார் என்பது எனக்குத் தெரிந்த பிறகுதான் சிவனடியார் என்று ஒருவர் வருகிறார் என்பதே தெரியும். முன்பாதியைப் படிக்கப் பதினோரு வருஷம் ஆயிற்று. ஜடாமுடியும் புலித்தோலுமாக அவர் வந்து நிற்கும்போதெல்லாம் நரசிம்ம பல்லவருக்கு வியர்க்காதா என்ற கவலையோடே படித்தேன். முடிச்சு தெரிந்த பிறகும் ஒரு சரித்திரக் கதை இழுக்கிறதென்றால் அது கல்கியின் கைப்பக்குவம்.

ஆனால் எங்களை மிகவும் படுத்தியது இந்த நாலும் இல்லை. பைண்டு புத்தகம் படித்தவர்களுக்குத் தெரியும்: தொடர் இரட்டைப்படைப் பக்கத்தில் தொடங்கினால், அதே தாளின் முன்பக்கம் வேறொன்றின் கடைசிப் பக்கமாக இருக்கும். கிழிக்கும்போது அதுவும் கூட வந்துவிடும். பல்பொடி விளம்பரம், சினிமா விமரிசனத்தின் வால், சமையல் குறிப்பில் கடைசி மூன்று படிகள் (எதைத் தாளிக்கிறோம் என்றே தெரியாமல் கடுகு வெடிக்கும்), தலையில்லாத சிறுகதைகள். இருமல் மாமியார் தொடரின் ஓர் அத்தியாயத்துக்கு முன்பக்கத்தில் அப்படியொரு கடைசிப் பக்கம் இருந்தது. ராத்திரி, மழை, ஒரு ரயில்வே பிளாட்பாரம். சொல்கிறவள் ஒரு பெண் என்பது தெரிகிறது. கையில் ஃபிளாஸ்க், அதில் காபி ஆறிக்கொண்டிருக்கிறது. வண்டி வருகிறது, நிற்கிறது, போகிறது. விளக்குக்காரன் இரண்டு முறை வந்து பார்த்துவிட்டுப் போகிறான். கடைசி வரியில், வண்டி போய் மழையும் விட்ட பிறகுதான் யாரோ வருகிறார்கள். யார்? அந்த வினைச்சொல் வரியின் வலது ஓரத்தில் இருக்கிறது. ‘வந்தா’ வரை இருக்கிறது. மீதியை பட்டமங்கலத் தெரு மெஷின் சாப்பிட்டுவிட்டது.

வேறு பாஷையில் இந்தச் சங்கடம் இவ்வளவு இருக்காதென்று நினைக்கிறேன். நமக்கு வந்தது யார் என்பதே கடைசி எழுத்தில்தான் இருக்கிறது. அக்கா ‘வந்தாள்’ என்றாள்; தொலைந்துபோன தங்கையாம். நான் ‘வந்தான்’, கொலைகாரன், ஃபிளாஸ்கில் விஷம். அப்பாயியிடம் கேட்டால், “பொம்பள பிளாட்பாரத்துல நிக்கிறான்னா புருஷனுக்குத்தான் நிப்பா. வந்தார்னு படிங்க, போங்க” என்று முடித்துவிட்டார். அம்மை இறங்கும்வரை அந்த ஓரெழுத்தை வைத்தே முப்பது கதையாவது செய்திருப்போம். பேய்க் கதையும் அதில் உண்டு.

1989-ல் வேலை கிடைத்து திருவல்லிக்கேணி மேன்ஷனுக்கு வந்தபோது ‘பலது’ என்னோடு வந்தது. ஞாயிற்றுக்கிழமை பைகிராப்ட்ஸ் ரோடு பிளாட்பாரத்தில் பழைய புத்தகம் பரப்பியிருப்பார்கள். எடைக்கு வந்தவை, எதற்கும் வரிசை கிடையாது. ராஜேஷ்குமார் மேல் திரு.வி.க.வின் ‘வாழ்க்கைக் குறிப்புகள்’, அதன் மேல் சாண்டில்யன், அடியில் கண்ணதாசனின் ‘வனவாசம்’. எனக்கு அது வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது. அறைக்கு எதிர் அறையில் ஒரு தீவிர இலக்கியவாதி இருந்தார். என் அலமாரியைப் பார்த்துவிட்டு, உங்களுக்கு ருசி இல்லையா, பசி மட்டும்தானா என்று கேட்டார். நல்ல கேள்விதான். பதில் சொல்லாமல் அவரிடமிருந்த தி. ஜானகிராமனை வாங்கிக்கொண்டு என்னிடமிருந்த சுஜாதாவைக் கொடுத்தேன். சுஜாதா திரும்பி வரவில்லை.

இந்தப் புனைவு, தன்வரலாறு என்ற வேலி அப்புறம் தமிழில் தானாகவே சாய்ந்ததையும் பார்த்தேன். பாமாவின் ‘கருக்கு’ 1992-ல் வந்தபோது அதை நாவல் என்றவர்களும் உண்டு, வாழ்க்கை என்றவர்களும் உண்டு. ராஜ் கௌதமன் தன் வாழ்க்கையையே எடுத்து, ‘நான்’ என்று சொல்லாமல் சிலுவை என்று ஒரு பையனாக்கி, ‘சிலுவைராஜ் சரித்திரம்’ என்று பெயர் வைத்தார். அந்தச் ‘சரித்திர’த்தைப் பார்த்ததும் எனக்கு விகடன் தாள்கள்தான் ஞாபகம் வந்தன. உத்தமதானபுரத்துப் பையனான சாமிநாதையரும் சிலுவையும் ஒருவர் தெருவுக்குள் ஒருவர் போயிருக்க முடியாது. ஒரே பைண்டில் கிடக்கலாம்.

மழைக்காலத்தில் மேன்ஷன் சுவர் ஓதம் அடித்து ராமபாணப் பூச்சி வந்தது. மயில்துத்தம் ஐம்பது வருஷம்தான் காக்கும் போலிருக்கிறது. ‘என் சரித்திர’த்தில் ஊசித்துளை மாதிரி முப்பது பக்கம் ஊடுருவிப் போயிற்று. அதற்காக வருத்தப்படவில்லை, அது 1950 முதல் புத்தகமாகவே கிடைக்கிறது. அந்தப் புத்தகமும் அரைகுறைதான். 1942-ல் ஜப்பான் குண்டு போடுமென்று சென்னை காலியானபோது ஐயர் திருக்கழுக்குன்றம் போனார். ஏப்ரல் 28-ல் அங்கேயே காலமானார். 122 அத்தியாயங்கள். கதை மணிமேகலைப் பதிப்புப் பக்கத்தில், அதாவது அவர் வாழ்க்கையில் இன்னும் நாற்பது வருஷத்துக்கு மேல் மிச்சமிருக்கும்போதே நின்றுவிடுகிறது. மீதியைப் பிறகு மாணவர் கி.வா.ஜ.தான் ‘என் ஆசிரியப்பிரான்’ என்று எழுதினார்.

நான் தேடியது இருமல் மாமியாரை. அதற்கு மறுபதிப்பு கிடையாது. யாரும் போடவும் மாட்டார்கள். பக்கத்தின் அடியில் பத்திரிகைப் பெயரும், 1943 என்று வருஷமும் பாதி தெரிந்தது. ஓய்வு பெற்றதும், பழைய பத்திரிகைகள் வைத்திருக்கும் நூலகங்களுக்கு ஒவ்வொன்றாக ஏறி இறங்கினேன். ஒன்றில் அந்த வருஷத்து இதழ்கள் இருந்தன. கையுறை கொடுத்து, மேஜையில் மெத்தென்ற துணி விரித்து, கட்டை வைத்தார்கள். யுத்தகாலக் காகிதம், அப்பளம் மாதிரி. அத்தியாய எண்ணை வைத்துப் பிடித்துவிட்டேன். ஆனால் அந்த இதழில் தொடர் இருக்கவேண்டிய இடத்தில் கிழிந்த அடிக்கட்டைதான் நின்றது. என் அப்பாயி மாதிரியே வேறு யாரோ எப்போதோ மாமியாரை உருவிக்கொண்டு போயிருக்கிறார்கள். என்னிடம் இருக்கும் அதே தாள்கள்தான் அங்கே இல்லை. என்னிடம் இல்லாத முன்பக்கங்கள் இருந்தன.

அது சிறுகதையே இல்லை. மேலே ‘என் அனுபவம்’ என்று போட்டிருந்தது. எழுதியவர் ஒரு வாசகி. பெயருக்குப் பதில் ஊர் மட்டும். அப்பாவும் அம்மாவும் தம்பியும் ரங்கூனில். இவர் படிப்புக்காக இங்கே அத்தை வீட்டில். 1941 டிசம்பர் 23-ல் ரங்கூனில் குண்டு விழுகிறது. கப்பலில் இடம் கிடைத்தவர்கள் கப்பலில் வந்தார்கள். கிடைக்காதவர்கள் காட்டு வழியே அஸ்ஸாமை நோக்கி நடந்தார்கள். ஆயிரக்கணக்கில் வழியிலேயே போனார்கள். ஐந்து மாதம் ஒரு கடிதமும் இல்லை. பிறகு கல்கத்தாவிலிருந்து ஒரு தந்தி: புறப்பட்டாயிற்று, விழுப்புரத்தில் சந்திக்கவும். தந்தியில் வார்த்தைக்குக் காசு; யார் புறப்பட்டது என்று அதில் இல்லை.

அந்தப் பக்கத்தோடு நூலகப் பிரதி முடிந்தது.

வீட்டுக்கு வந்து ‘பல’தை இறக்கிப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். துணைக்கால் முழுசாக இருக்கிறது. அதை ஒட்டியே வெட்டு. ள் ஆனால் அம்மா. ன் ஆனால் தம்பி. ர் ஆனால் அப்பா. ‘வந்தார்கள்’ என்று இருந்திருக்கக் கூடாதா என்று மேலே உள்ள வரிகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தேன். இருபத்தேழு வரி. எல்லாவற்றிலும் ஓரெழுத்துதான் போயிருக்கிறது. இன்னும் இரண்டு எழுத்துக்கு அங்கே இடமில்லை.